கண்ணில் விழுந்த முடி

அன்புள்ள செல்விக்கு,

‘அன்புள்ள மூக்குக்கு’ என்றுதான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பிய இரண்டு கடிதங்களும் இழுப்பறையில் மேலாகத்தான் கிடக்கின்றன. திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும், மூடிவிடுவேன். திட்டுவதென்றால் நன்றாகத் திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பெரியவன் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். சின்னவள் அச்சு அசல் நீதான், புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “படிச்சிட்டுதான் இருக்கேன்” என்று தூக்கத்திலேயே சொல்கிறாள். நெட்டைக்குக் கல்யாணம் ஆன செய்தி உனக்கும் வந்திருக்கும். மாப்பிள்ளை அவள் தோள் உயரம்தானாம். நான் எதுவும் சொல்லவில்லை, நீயும் வாயைத் திறக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் “விடு, நம்ம வேலை அப்படி” என்று முடித்துவிடுவார்கள்.

போன மாதம் எங்கள் வார்டுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. மனநலப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் கட்டாயப்படுத்துவதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் தாள். 2008-இல் நார்வேயில் உருவாக்கியதாம். மொத்தம் 15 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு சம்மதம் என்று ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். கட்டாயம் என்றால் என்னவென்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை: கட்டிப்போடுவது, தனியறையில் வைத்துப் பூட்டுவது, வேண்டாம் என்று கதறுகிறவரை நாலு பேர் பிடித்துக்கொண்டு ஊசி போடுவது. அந்த 15 வாக்கியங்களும் மூன்று வகை. சில, கட்டாயம் நோயாளியைக் காயப்படுத்துகிறது, நமக்கும் அவருக்கும் உள்ள உறவைக் கெடுக்கிறது என்பவை. சில, ஆபத்தான நேரத்தில் அதுதான் பாதுகாப்பு என்பவை. இன்னும் சில, அதுவே சிகிச்சை, இன்னும் கூடுதலாகச் செய்தாலும் தப்பில்லை என்பவை.

ஹேண்டோவருக்கு, அதாவது அடுத்த ஷிஃப்ட்டுக்கு நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்க, ஐந்து நிமிடம் இருந்தது. நின்றபடியே பூர்த்தி செய்தேன். பாதுகாப்பு பற்றிய வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் முழுச் சம்மதம். காயப்படுத்துகிறது என்பதற்கும் சம்மதம். ஆள் பற்றாக்குறையால்தான் கட்டாயம் அதிகமாகிறது என்ற வாக்கியம் வந்தபோது பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டேன். காயப்படுத்துகிறது, ஆனாலும் பாதுகாப்பு. இரண்டையும் ஒரே கையால் குறித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். மனசில் எதுவும் உறுத்தவில்லை.

அடுத்த வாரம் ஓ.பி. பக்கம் ஒரு ஃபைல் வாங்கப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நம் வயசுதான் இருக்கும். மூன்று மாதம் முன்பு எங்கள் வார்டில் இருந்தவள். வந்தபோது நாலு நாள் தூக்கமே இல்லாமல், பேச்சு நிற்காமல், எல்லோரையும் தள்ளிக்கொண்டு திரிந்தாள். இப்போது தலை வாரி, பை மடியில் வைத்து, அமைதியாக உட்கார்ந்திருந்தாள். “நல்லா இருக்கீங்களா?” என்றேன். நாம் எல்லோரிடமும் கேட்பது போலத்தான்.

“நல்லா இருக்கேன் சிஸ்டர். ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். “அன்னைக்கு ராத்திரி என்னைக் கட்டினீங்களே, அப்போ அந்தப் பக்கம் நின்ன சிஸ்டர்கிட்ட ஞாயித்துக்கிழமை டியூட்டி மாத்திக்கலாமான்னு கேட்டுட்டிருந்தீங்க. மாத்திக்கிட்டாங்களா?”

குத்திக்காட்டவில்லை, செல்வி. சத்தியமாக அப்படி இல்லை. பாதியில் நின்ற கதையின் முடிவைக் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கு அந்த டியூட்டி மாறியதா இல்லையா என்பதே ஞாபகம் இல்லை. நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். “என் முடி கண்ணுல விழுந்து கிடந்துச்சு. எடுத்துவிடுங்கன்னு சொன்னேன். யாருக்கும் கேக்கலை போல.”

கேட்கவில்லை போல. எங்களுக்கான சாக்கையும் அவளே தந்துவிட்டாள்.

அன்று மாலை அவள் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். டாக்டர் உத்தரவு எண், கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்த நாடித்துடிப்பு, விரல்களின் நிறம், பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறது என்ற குறிப்பு. நீ உன் மாணவிகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறாயோ அப்படியே இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. குப்புறப் படுக்க வைக்கவில்லை, நெஞ்சின் மேல் யாரும் சாயவில்லை. மூச்சு முட்டி உயிரே போகக்கூடியது அதனால்தான் என்று நமக்குத் தெரியும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விரலைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். இரண்டாம் வருடம், பிராக்டிகல் அறை. உன்னை நோயாளியாகப் படுக்க வைத்து நான்கு கட்டும் போட்டுப் பழகினோம். நடுவில் மேடம் ஏதோ சொல்லக் கூப்பிட்டார் என்று எல்லோரும் வராண்டாவுக்குப் போய்விட்டோம். பத்து நிமிடம் இருக்கும். “மூக்கு அரிக்குதுடி, யாராவது வாங்கடி” என்று நீ உள்ளே இருந்து கத்திக்கொண்டிருந்தாய். நாங்கள் வந்து பார்த்தபோது உன் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிருந்தது. எல்லோரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து உனக்குப் பேர் மூக்கு. இத்தனை வருஷத்தில் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! அந்தப் பத்து நிமிடம் உனக்கு எப்படி இருந்தது என்று ஒருத்தியாவது கேட்டோமா? நீ சிரித்தாய், அதோடு விட்டுவிட்டோம்.

நம்மைப் பற்றித் தப்பாகச் சொல்கிறவர்கள் பேச்சை நான் ஏற்கவில்லை. எங்கள் வார்டில் கொடுமைக்காரர் யாரும் இல்லை. எங்கள் அட்டெண்டர் ஒருவர் இருக்கிறார். சாப்பிட மறுப்பவருக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி ஊட்டுவார். யாராவது குரலை உயர்த்தினால் முதலில் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வருவதும் அவர்தான். இரண்டையும் ஒரே அக்கறையோடு செய்கிறார். அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. போன வருஷம் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குத் தாடையில் அடி விழுந்தது. மறுநாளிலிருந்து வார்டு முழுக்கக் கை வேகமாகிவிட்டது. அதற்கு முன்னால் பேசிப் பார்த்திருக்கக்கூடிய விஷயங்களுக்கும் கட்டினோம். யாரும் கூடி முடிவெடுக்கவில்லை, அதுவாக நடந்தது. ராத்திரியில் இரண்டு பேர், முப்பதுக்கு மேல் கட்டில்கள். பயந்துபோன மனசு ‘பாதுகாப்பு’ என்று சொல்லும்போது அது யாருடைய பாதுகாப்பு என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நானும் கேட்டதில்லை.

நீ உடனே கேட்பாய், கட்டாமலே இருக்க முடியுமா என்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் வந்தபிறகு, கட்டாயமே கூடாது, ஒன்றுகூடக் கூடாது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இன்னும் அவர்களோடு போய்ச் சேரவில்லை. சுவரில் தலையை மோதி மோதி நெற்றி கிழிந்த அந்தப் பையன் இன்றைக்கு மறுபடி வந்தால், வேறு வழி எதுவும் எடுபடவில்லை என்றால், நான் மறுபடி பிடிப்பேன். ஆனால் என் கையால் கட்டிய மற்றவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அந்தப் பையன் அளவுக்கு வழியில்லாத நிலையில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைத் தெரிந்துகொண்ட ராத்திரி தூக்கம் வரவில்லை.

கட்டுவதாவது பதிவேட்டில் ஏறுகிறது. எதிலும் ஏறாதவை எத்தனை! “மாத்திரை போட்டாத்தான் போன்.” “இப்படி அழுதா டாக்டர் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.” “ஊசி போடச் சொல்லட்டுமா?” இவற்றை நான் தினமும் சொல்லியிருக்கிறேன், சிரித்த முகத்தோடு. எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது ஒன்று. அதிலிருந்து ஆசை காட்டுவதற்கும், அங்கிருந்து மிரட்டுவதற்கும் நான் எப்போது நழுவிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. மிரட்டிய உடனே அவர்கள் அடங்கிவிடுவார்கள். நாமும் ‘ஒத்துழைத்தார்’ என்று எழுதிவிடுவோம்.

ஒரு வெறியோடு படிக்க ஆரம்பித்தேன். என்னைப் புத்தகப் புழு என்று நீ கேலி செய்தது போய், இப்போது உன்னிடமே கதை சொல்ல வருகிறேன். 1990களில் அமெரிக்காவில் மக்ஆர்தர் ஆய்வு என்று ஒன்று நடந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம், எந்த அளவுக்கு வற்புறுத்தப்பட்டதாக உணர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பதில், சட்டப்படி கட்டாயச் சேர்க்கையா இல்லையா என்பதோடு சரியாகப் பொருந்தவில்லை. தாமாகவே வந்து சேர்ந்தவர்களில் சிலர் நெருக்கப்பட்டதாகச் சொன்னார்கள். கட்டாயத்தில் வந்தவர்களில் சிலர் அப்படிச் சொல்லவில்லை. தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்பதோடுதான் அந்த உணர்வு அதிகம் சேர்ந்திருந்தது. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அந்த முடியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒதுக்கிவிட ஒரு நொடி போதும். ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாகாது. என் இரண்டு கையும் அவள் பக்கத்தில்தான் இருந்தன.

இன்னொன்று. பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் சங்கிலியை அகற்றியவர் டாக்டர் பினெல் என்று நாம் பரீட்சையில் எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? உண்மையில் 1797-இல் அங்கே சங்கிலியை நிறுத்தியவர் ழான்-பப்டிஸ்ட் புஸ்ஸேன். அவர் டாக்டரே இல்லை. வார்டை மேற்பார்த்தவர். அதே மருத்துவமனையில் ஒரு காலத்தில் நோயாளியாகக் கிடந்தவர். பினெல் அப்போது வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டிருந்தார். குணமானவர்களைத் தேடிப்பிடித்து வார்டு வேலைக்கு வைத்துக்கொண்டார் புஸ்ஸேன். அங்கே படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த கைகள் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நம்மைப் போல வார்டிலேயே கிடந்த ஒருவர் செய்த காரியம் இது. நம் பாடத்தில் அவர் பேரே இல்லை. நீ வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ஹான்வெல்லில் ஜான் கொனோலி என்ற மருத்துவர் 1839-இல் கட்டும் கருவிகளை எல்லாம் நிறுத்தினார். அங்கே சுமார் 800 நோயாளிகள். கட்டிப்போடுவதும் கவனிக்காமல் விடுவதும் ஒன்றுதான் என்று எழுதினார் அவர். அப்புறம் இத்தாலியில் பஸாலியா என்ற மனநல மருத்துவர். 1961-இல் கோரிட்ஸியா மருத்துவமனைக்குப் பொறுப்பேற்று வந்ததும், கட்டிவைக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தலைமைச் செவிலியர் கையெழுத்துக்குக் கொண்டுபோய் நீட்டினாராம். பஸாலியா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அங்கே தொடங்கி, 1978-இல் இத்தாலி மனநல விடுதிகளை மூடுவதற்கே சட்டம் போட்டது. எனக்கு பஸாலியாவை விட, அந்தப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற செவிலியரைப் பற்றித்தான் யோசனை. அந்த ராத்திரியை அவர்கள் எப்படிக் கடந்திருப்பார்கள்? அவர்களுக்கும் பயம் இருந்திருக்குமே.

படித்ததில் நாளைக்கே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற திட்டம்தான். லென் பவர்ஸ் என்ற மனநலச் செவிலியப் பேராசிரியர் தலைமையில் இங்கிலாந்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் செய்து பார்த்து, 2015-இல் வெளியிட்டார்கள். மொத்தம் பத்து சின்னச் சின்ன மாற்றங்கள். கட்டுவது, பூட்டுவது, பலவந்த மருந்து போன்றவை 26.4 சதவீதமும், சண்டை சச்சரவுகள் 15 சதவீதமும் குறைந்தன. அந்தப் பத்தில் ஒன்று, ஹேண்டோவரில் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்பது. எங்கள் ஹேண்டோவர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்: “பன்னிரண்டாம் நம்பர், ஜாக்கிரதை, வாய் மோசம்.” உள்ளே வருகிறவள் பன்னிரண்டாம் நம்பரைப் பார்க்கும் முன்பே தோளை விறைத்துக்கொள்வாள்.

இதைச் செய்து பார்க்கலாம் என்று கேட்டேன். முதல் வாரம் நல்லது என்று எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் கிடைத்தது: “தூங்கினார்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஆள் நமக்குத் தொந்தரவு தராமல் இருப்பதைத் தவிர அவரிடம் வேறு நல்லதை நாம் தேடியதே இல்லையே என்று. மூன்றாவது வாரம் இரவுப் பணியிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “பன்னிரண்டாம் நம்பர், காலையில எழுந்து எல்லார் போர்வையையும் மடிச்சு வச்சார்.” இதனால் வார்டு மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஒருவரைக் கட்டினோம். ஆனால் போர்வை விஷயத்தைச் சொன்ன அன்று சாயங்காலம் பன்னிரண்டாம் நம்பர் கத்த ஆரம்பித்தபோது, நம் ஆள் ஒருத்தி பட்டையை எடுக்காமல் பக்கத்தில் போய், “என்ன ஆச்சு, சொல்லுங்க” என்றாள். முன்பெல்லாம் அப்படிப் போக மாட்டாள்.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் முகம் கொடுக்கவே இல்லை. “இதெல்லாம் பகல் டியூட்டி பேச்சு. ராத்திரி தனியா நின்னு பாரு” என்றார். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, கீழ் உதட்டை இழுத்துக் காட்டினார். முன்பல் இரண்டு கட்டிய பல். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி உடைந்ததாம். “அன்னைக்கு ரிப்போர்ட் எழுதச் சொன்னாங்க. நீ எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கலை” என்றார். அவரோடு இத்தனை வருஷம் வேலை செய்கிறேன். இது எனக்குத் தெரியாது. கட்டப்பட்டவரிடமும் நாம் கேட்பதில்லை, அடி வாங்கினவரிடமும் கேட்பதில்லை. இப்போது யாரையாவது பிடிக்க நேர்ந்தால், மறுநாள் அவரோடும் உட்கார்ந்து பேசுகிறோம், அந்த நேரத்தில் இருந்த பணியாளர்களோடும் பேசுகிறோம். அந்த இரண்டாவதைத் தொடங்கி வைத்தது இன்சார்ஜ் சிஸ்டர்தான்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பாய். அன்று என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அடுத்த முறை அவள் ஓ.பி.க்கு வரும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு போய் நின்றேன். “அன்னைக்கு நீங்க கூப்பிட்டதை நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது” என்றேன். கொஞ்ச நேரம் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் “சரி” என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் அன்று டாக்டரோடு உட்கார்ந்து, மறுபடி தனக்கு அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இப்போது அது அவள் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஒருத்தர் மட்டும் பேசுங்கள். அக்காவுக்குப் போன் போடுங்கள். விளக்கைக் குறையுங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். கடைசி வரி: கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் என் தலைமுடியைக் கட்டிவிடுங்கள்.

செல்வி, நீதான் இப்போது அந்த பிராக்டிகல் வகுப்பை எடுக்கிறாய். முடிச்சு எப்படிப் போடுவது, எத்தனை விரல் இடைவெளி என்பதெல்லாம் சொல்லிக்கொடு, அது உயிர் சம்பந்தப்பட்டது. கூடவே ஒவ்வொரு பெண்ணும் பத்து நிமிடம் கட்டோடு கிடக்கட்டும், அவள் சம்மதத்தோடு. அவள் வேண்டாம் என்று சொன்னால் அந்த நொடியே அவிழ்த்துவிட வேண்டும். தலைமாட்டில் ஒருத்தி நிற்கட்டும். முகத்தைப் பார்த்துப் பேசுவதைத் தவிர அவளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதே. எழுந்த பிறகு எப்படி இருந்தது என்று கேள். யாரையும் சிரிக்க விடாதே.

அதற்கு முன்னால் நீ எனக்கு எழுது. அந்தப் பத்து நிமிடம் எப்படி இருந்தது? எத்தனை பக்கமானாலும் சரி, நான் படிப்பேன். நாங்கள் வராண்டாவில் பேசிக்கொண்டிருந்தது உனக்குக் கேட்டதா?

நாளை முதல் ஏழு நாள் நைட். பதிலை வீட்டு முகவரிக்கே போடு.

உன்,
கலா